முதிர்ந்த விரலும் புதிய தந்தியும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம்மவர் நாவில் ஓயாது வழங்கும் பழமொழி. பிள்ளையை நெறிப்படுத்தும் தந்தையும், மாணவனைத் தூண்டும் ஆசிரியரும் கூறுங்கால் அது நன்மொழியே. ஆயின், வயது வந்த ஒருவர் புதிய கலையொன்றைக் கற்க முற்படும்போது அப்பழமொழியே கதவை அடைக்கும் தாழ்ப்பாளாகிவிடுகின்றது.

என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாற்பது வயதுக்கு மேல், கலைந்து ஊர் திரும்பிய ஒரு நாடகக் குழுவினரிடமிருந்து பழைய பிடில் ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். மாலை வேளைகளில் லயத்து வீட்டு வாயிலில் அமர்ந்து இழுத்துப் பார்த்தார். அதிலிருந்து எழுந்த ஒலி இனிமையாக இருந்ததென்று நான் கூறமாட்டேன். அயலார் சிரித்தனர், சிறுவர்களாகிய நாங்களும் சிரித்தோம். யாரோ ஒருவர் மேற்படி பழமொழியைச் சொன்னார். இரண்டு திங்களில் பிடில் பரணில் ஏறிவிட்டது. பல்லாண்டுகளுக்குப் பின் இறக்கிப் பார்த்தபோது வில்லின் மயிரைப் பூச்சி அரித்திருந்தது. அம்மனிதருக்கு உண்மையிலேயே பிடில் வந்திராதா, அன்றி நாங்கள் சிரித்த சிரிப்புத்தான் தடுத்ததா என்னும் வினா என்னை விட்டு நீங்கவில்லை.

அவ்வினாவை உடன்கொண்டே, அமெரிக்கர் மூவர் ஆங்கிலத்தில் எழுதிய மூன்று நூல்களைப் படித்தேன். ஜான் ஹோல்ட் என்பார் 1978இல் வெளியிட்ட 'நெவர் டூ லேட்' ஒன்று. வெயின் பூத் என்பார் 1999இல் வெளியிட்ட 'ஃபார் தி லவ் ஆஃப் இட்' ஒன்று. கேரி மார்கஸ் என்பார் 2012இல் வெளியிட்ட 'கித்தார் ஸீரோ' ஒன்று. மூவரும் சங்கீதத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். மூவரும் முப்பது வயதைக் கடந்த பின்னரே தந்தி வாத்தியத்தைக் கையிலெடுத்தவர். ஒருவர் கித்தாரையும் மற்றிருவர் செல்லோவையும் பயின்றனர். தாம் பயின்ற வரலாற்றை மறைக்காமல் எழுதியிருக்கின்றனர். அவ்வரலாறுகளின் நிறையும் குறையும் ஈண்டு ஆராயப்படும்.

கருவியின் இயல்பு

நூல்களுட் புகுமுன் கருவியின் இயல்பைச் சிறிது அறிதல் நன்று. ஏனெனில், முதியோர் விரல் மழுங்கியது என்று பழிசுமத்துவோர், அவ்விரலுக்கு இடப்படும் வேலை எத்தகையது என்பதை எண்ணுவதில்லை.

ஆர்மோனியத்தில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டை, அழுத்தினால் ஒலிக்கும். கித்தார் அத்தகையதன்று. அதன் ஆறு தந்திகளும், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, மேனாட்டார் இ, ஏ, டி, ஜி, பி, இ என்று குறிக்கும் சுரங்களுக்குச் சுருதி கூட்டப்படுகின்றன. அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே ஐந்து மெட்டுக்கள் இடைவெளி. மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையே மட்டும் நான்கு. இவ்வொரு கோணலால், ஓரிடத்தில் வருந்திக் கற்ற விரலமைப்பு மற்றோரிடத்தில் பொருந்தாது போகின்றது. அன்றியும், மெல்லிய முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் எழும் சுரமே இரண்டாம் தந்தியின் 5ஆம் மெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் மெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் மெட்டிலும், ஐந்தாம் தந்தியின் 19ஆம் மெட்டிலும் கிடக்கின்றது. ஒரே வீட்டுக்கு ஐந்து வாசல்கள். எந்த வாசலில் நுழைவது என்பதைக் கணப்பொழுதில் கை தீர்மானிக்க வேண்டும்.

பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் 'கார்டு'களில், சுட்டுவிரலை முதல் மெட்டில் ஆறு தந்திகளின் மேலும் குறுக்கே கிடத்தி அழுத்தவேண்டிய 'எஃப்' என்பது புதியவர் பலரை வீட்டுக்கு அனுப்பிய பெருமையுடையது. இரும்புத் தந்தியாயின் விரல் நுனி நோகும். சில வாரங்களில் காய்ப்பு ஏறும். பால்வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்த கைகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உள்ளங்கையில் ஏறிய காய்ப்பு இப்போது இடக்கை விரல் நுனிகளில் ஏறுகின்றது, அவ்வளவே.

செல்லோவின் வருத்தம் வேறு. தந்தி நான்குதான்; ஆனால் மெட்டே கிடையாது. வீணையிலும் கித்தாரிலும் மெட்டு இருப்பதால் விரல் சற்றே விலகினாலும் சுரம் பெரிதும் கெடுவதில்லை. செல்லோவிலோ விரல் ஒரு நெல்லளவு நழுவினாலும் சுரம் பிசகிவிடும். செவிதான் மெட்டு. அதன் மேல் வலக்கை வில்லை நேராக, ஒரே அழுத்தத்தில் இழுக்கவேண்டும். இவை சிறுவனுக்கும் கடினமே. சிறுவன் பிழை செய்தால் நாம் தட்டிக்கொடுக்கின்றோம். பெரியவர் பிழை செய்தால் நகைக்கின்றோம். இவ்வேற்றுமையை நினைவில் இருத்திக்கொண்டு நூல்களை நோக்குவோம்.

அறிவியல் கூறும் விடை

காலத்தால் பிந்திய நூலை முதலில் எடுத்துக்கொள்வோம்; பழமொழியோடு நேரே மல்லுக்கு நிற்பது அதுவே. அதன் ஆசிரியர் மார்கஸ், நியூயார்க் சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியராயிருந்தவர். தம் 38ஆம் வயதில் கித்தாரைத் தொட்டார். தாளம் தமக்குச் சிறிதும் பிடிபடாது என்று அவரே ஒப்புக்கொள்கின்றார். அவரைத் தூண்டியது ஒரு வீடியோ விளையாட்டு. 2005இல் வெளிவந்த 'கித்தார் ஹீரோ' என்னும் அவ்விளையாட்டில், கித்தார் வடிவான பொம்மையொன்றின் ஐந்து வண்ணப் பொத்தான்களைத் தாளத்துக்கேற்ப அழுத்தவேண்டும். அதில் முதலில் தோற்றுப் பின் சிறிது தேறியவர், மெய்யான கருவியையே பயின்றாலென்ன என்று துணிந்தார். 'ஹீரோ' எனில் வீரன். 'ஸீரோ' எனில் பூச்சியம். தம்மைப் பூச்சியமாக வைத்து நூலுக்குப் பெயரிட்டது அவர் தம் அடக்கத்தைக் காட்டுகின்றது.

மொழியையும் இசையையும் கற்பதற்கு இளமையில் ஒரு பருவம் உண்டு. அது கழிந்தால் மூளையின் கதவு மூடிக்கொள்ளும் என்பது நெடுங்காலக் கொள்கை. அக்கதவு முற்றும் மூடியதன்று என்பதே மார்கஸின் வாதம். அதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் சிறந்தது கூகையைப் பற்றியது. இருளில் இரையின் ஓசையைக் கேட்டு அதன் இடத்தை அறியும் பறவை கூகை. அதன் மூளையில் கண் காணும் இடமும் செவி கேட்கும் இடமும் ஒத்துப் பொருந்தியிருக்கும். ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த எரிக் நுட்சென் என்னும் அறிஞர், காட்சியைப் பக்கவாட்டில் 23 பாகை விலக்கிக் காட்டும் கண்ணாடிகளைக் கூகைகளுக்கு அணிவித்தார். இளங்கூகைகள் சில வாரங்களில் கண்ணையும் செவியையும் மீண்டும் பொருத்திக்கொண்டன. முதிர்ந்தவை பெரும்பாலும் தோற்றன. ஆயின் 2002இல் வெளியான ஆராய்ச்சியில், அதே 23 பாகையை ஒரேயடியாகச் சுமத்தாமல் சிறிது சிறிதாகக் கூட்டியபோது, முதிர்ந்த கூகைகளும் முன்னையினும் மிகுதியாகப் பொருந்திக்கொண்டன. முதிர்ந்த உயிர் கற்காது என்பது பொய். பெருங்கவளமாக ஊட்டினால்தான் அதற்கு விக்கும். இந்த ஒரு செய்திக்காகவே இந்நூலைப் படிக்கலாம்.

மற்றொரு பகுதியும் சுவையுடையது. மார்கஸ் ஒரு கோடை விடுமுறை முகாமில், பதினொரு வயதளவினரான சிறுவரோடு ஒரு வாத்தியக் குழுவிற் சேர்ந்து வாசித்தார். விரலோட்டத்தில் சிறுவர் முந்தினர். பாட்டின் கட்டமைப்பை உணர்வதில், பல்லாண்டு கேட்டுப் பழகிய அவர் செவி உதவியது. வயது எடுத்துக்கொள்வது மட்டுமன்று, கொடுப்பதும் உண்டு என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

எதிர்ச்சான்றும் உண்டு, அதனை மறைத்தல் நேர்மையாகாது. 1995இல் ஜெர்மானிய அறிஞர் தாமஸ் எல்பர்ட்டும் அவர் துணைவரும் தந்தி வாத்தியக்காரர் ஒன்பதின்மரை ஆராய்ந்து, இடக்கை விரல்களுக்குரிய மூளைப் பகுதி அவர்களிடம் மற்றவரினும் விரிந்திருப்பதையும், இளமையிலேயே தொடங்கியவரிடம் அவ்விரிவு மிகுந்திருப்பதையும் கண்டனர். ஆகவே இளமைக்கு ஊதியம் உண்டு. பழமொழி முழுப் பொய்யன்று. அளவு கடந்து நீட்டப்பட்ட மெய்.

இனிக் குறை. மார்கஸ் பயின்றது சர்வகலாசாலை அளித்த ஓய்வாண்டில். நாளும் பல மணிநேரம் கருவியோடு இருக்க அவருக்கு வாய்த்தது. பேர்பெற்ற கித்தார் வித்துவான்களைச் சென்று கண்டு வினவவும் வாய்த்தது. அவர் கண்ட டாம் மொரெல்லோ 17ஆம் வயதில் தொடங்கிப் புகழ்பெற்றவர். சிறுவர்க்குப் பிடில் பயிற்றும் முறையை உலகெங்கும் பரப்பிய ஜப்பானியர் ஷினிச்சி ஸுஸுகியும் (1898–1998) அதே 17இல் தொடங்கியவரே. இவை ஊக்கந்தரும் செய்திகள். ஆயினும் பதினேழு நாற்பதாகாது. வித்துவானின் வரலாறு குமாஸ்தாவுக்கு அளவுகோலாகாது. "இயலுமா?" என்ற வினாவுக்கு மார்கஸ் திறம்பட விடை கூறுகின்றார். "எதற்காக?" என்ற வினாவை அவர் நூலின் இறுதியில், புறப்படும் வண்டியில் ஏறுவார்போல அவசரமாகத் தொட்டு விட்டுவிடுகின்றார்.

பத்தாயிரம் என்னும் பூதம்

இவ்விடத்தில் ஓர் எண்ணைப்பற்றிச் சொல்லவேண்டும். 1993இல் ஆண்டர்ஸ் எரிக்ஸன் முதலானோர் பெர்லின் நகரத்துச் சங்கீதக் கலாசாலையின் பிடில் மாணவரை ஆராய்ந்தனர். அவருட் சிறந்தோர் இருபதாவது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணிநேரத்துக்கு மேல் தனித்துப் பயின்றிருந்தனர் என்று கணக்கிட்டனர். மால்கம் கிளாட்வெல் என்னும் எழுத்தாளர் 2008இல் இதனைப் பரப்பிய பின், எதிலும் தேற 10,000 மணி வேண்டும் என்பது ஒரு புதுப் பழமொழியாகிவிட்டது.

கணக்கிட்டுப் பார்ப்போம். வேலை முடித்து வந்த ஒருவர் நாளொன்றுக்கு அரைமணி பயின்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 182 மணி. பத்தாயிரம் நிரம்ப 55 ஆண்டுகள் வேண்டும். நாற்பதில் தொடங்கியவர் தொண்ணூற்றைந்தில் அரங்கேறலாம்! பழைய பழமொழி கதவைச் சாத்திற்று. புதுப் பழமொழி கதவைத் திறந்துவைத்து வாசலில் மலையை நிறுத்துகின்றது. எரிக்ஸன் ஆராய்ந்தது தொழில்முறை வித்துவானாக வரவிருந்த மாணவரை. அவர்க்குரிய முழக்கோலை எடுத்து, மாலையில் அரைமணி மகிழ விரும்பும் மனிதரை அளப்பது எதற்கு? அளப்பவர் குற்றத்தை அளக்கப்பட்டவர் தலையில் ஏற்றும் இவ்வழக்கத்தை நாம் ஒழிக்கவேண்டும்.

கற்பதா, வாசிப்பதா?

இம்முழக்கோலை முறித்தெறிந்தவர் ஜான் ஹோல்ட் (1923–1985). பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளின் இயற்கையான கல்வி வேட்கையை எவ்வாறு அழிக்கின்றன என்று 1964இல் ஒரு நூல் எழுதிப் புகழடைந்தவர் இவர். இவர் செல்லோவைத் தொட்டது நாற்பதாம் வயதில். இடையில் விட்டு, ஐம்பதையொட்டி மீண்டும் முனைந்து பயின்றார்.

அவர் நூலில் பெரும்பகுதி செல்லோவைப் பற்றியதன்று. இளமை முதல் இசை தம் வாழ்வில் எவ்வெவ்வழியே புகுந்தது என்பதை விரித்துரைக்கின்றார். விரைந்து படிப்போர் இதனைப் பொருந்தா விரிவு என்பர். நமக்கு அது பொருத்தமே என்று தோன்றுகின்றது. நாற்பதில் கருவியை எடுக்கும் மனிதர் வெறுங்கையோடு வருவதில்லை. நாற்பது ஆண்டு கேட்ட பாட்டெல்லாம் அவரோடு வருகின்றன. மார்கஸ் ஆராய்ச்சியால் காட்டியதை ஹோல்ட் வாழ்க்கையால் காட்டுகின்றார்.

அவருடைய தலைசிறந்த கருத்து இந்நூலினும் 1976இல் வெளிவந்த அவரது வேறொரு நூலில் தெளிவாக உள்ளது. செல்லோ 'வாசிக்கக் கற்றல்' வேறு, 'வாசித்தல்' வேறு என்று பிரிப்பது பிழை என்கின்றார் அவர். முதலில் கற்று முடித்துப் பிறகு ஒரு நல்ல நாளில் வாசிக்கத் தொடங்குவது என்பது இல்லை. முதல் நாளே வாசிக்கத் தொடங்கிவிடுகின்றோம், நாளடைவில் நன்றாக வாசிக்கின்றோம். குழந்தை பேசக் கற்றுக்கொண்டா பேசுகின்றது? மழலையும் பேச்சே. இக்கருத்து எளிதாய்த் தோன்றும். ஆனால் என் தந்தையாரிடம் யாரேனும் இதனைக் கூறியிருந்தால் பிடில் பரணேறியிராது.

குறை யாது? ஹோல்ட் ஒரு கட்சிக்காரர். மனிதனால் எவ்வயதிலும் எதனையும் கற்கவியலும், வல்லுநர் விதிக்கும் எல்லைகள் நம்மைக் கட்டா என்னும் தம் கொள்கைக்குத் தம் செல்லோவையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றார். சாட்சி நன்றாய்ப் பேசவேண்டுமே என்ற கவலை அவரை விடுவதில்லை. ஒரு கொள்கையை நிலைநாட்டப் பயில்பவன், கொள்கை தோற்குமிடத்தில் கருவியையும் கைவிட நேரும். சீர்திருத்தம் பேசும் நமக்கு இஃதோர் எச்சரிக்கை. உலகத்துக்கு மெய்ப்பித்துக் காட்டவே ஒன்றைச் செய்வோமாயின், உலகம் திரும்பிப் பாராத நாளில் என் செய்வோம்?

அன்பின் பொருட்டு

இவ்வினாவுக்கு விடை தருபவர் வெயின் பூத் (1921–2005). சிகாகோ சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் கற்பித்த இவர், கதை சொல்லும் கலையை ஆராய்ந்து 1961இல் எழுதிய நூலால் இலக்கிய உலகம் நன்கறிந்த திறனாய்வாளர். 1952இல், தம் 31ஆம் வயதில், செல்லோவைத் தொடங்கினார். மனைவியார் வயலின் வாசிப்பவர். அவரோடும் நண்பரோடும் சேர்ந்து வாசிக்கவேண்டும் என்பதே ஆசை. நூல் வெளிவந்தபோது அவருக்கு 78 வயது. அதாவது 47 ஆண்டுகள் பயின்ற பின் எழுதுகின்றார். இன்னும் தாம் வித்துவானல்லர், ஆகப்போவதுமில்லை என்று தயங்காது எழுதுகின்றார். இவ்வொன்றாலேயே அவர் நூல் மற்றிரண்டினும் உயர்ந்து நிற்கின்றது. மார்கஸ் தொடக்கத்தை எழுதினார். ஹோல்ட் போராட்டத்தை எழுதினார். பூத் ஒருவரே ஓர் ஆயுளை எழுதினார்.

'அமெச்சூர்' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. அமெச்சூர் நாடக சபைகளை நம்மவர் நன்கறிவர். தேர்ச்சியில்லாதவர் என்ற பொருளில் அதனை இகழ்ச்சியாக வழங்குவாரும் உளர். அச்சொல்லின் வேரோ 'அன்பு செய்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். பணத்துக்கன்றி, புகழுக்கன்றி, பிறரை வெல்வதற்கன்றி, அன்பின் பொருட்டே ஒன்றைச் செய்பவர் அமெச்சூர். பூத் தம் நூல் முழுவதும் இதனையே நிறுவுகின்றார். பணமும் புகழும் வெற்றியும் அவ்வன்புக்குப் பகைவராய் எவ்வாறு உள்ளே நுழைகின்றன என்பதையும், தம் நெஞ்சில் அவை நுழைந்த தருணங்களையும் ஒளிக்காமல் கூறுகின்றார்.

அவர் பெரிதும் போற்றுவது நால்வர் கூடி வாசிக்கும் சங்கீதத்தை. வயலின் இரண்டு, வியோலா ஒன்று, செல்லோ ஒன்று; மேளம் இல்லை, கைகாட்டி நடத்துபவரும் இல்லை. ஹைடன், மோட்ஸார்ட், பேதோவன் முதலியோர் இதற்கெனப் பல உருப்படிகள் இயற்றினர். அரங்கில் மட்டுமன்றி, அன்பர்தம் வீட்டுக் கூடங்களிலும் அவை வாசிக்கப்பட்டன. ஒருவர் தவறினால் மற்ற மூவரும் நின்று, சிரித்து, மறுபடியும் தொடங்கலாம். ஆண்டாண்டாகத் தனித்திருந்து பயின்ற அரைமணிகளெல்லாம் அவ்வொரு மாலையில் பொருள் பெறுகின்றன. நம் பஜனைக் கூடங்களில் ஜால்ரா தட்டியறிந்தவர் எவரும் இவ்வின்பத்தை உடனே உணர்வர்.

பூத்தின் நூலுக்கும் குறையுண்டு. பேராசிரியர் எழுதியது, ஆகவே நீளம் மிகுதி. ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு அதற்கு நான்கு ஆட்சேபங்களைத் தாமே எழுப்பி, நான்குக்கும் விடை கூறிய பின்னரே நகர்கின்றார். மேனாட்டுச் சங்கீதம் அறியாதவர்க்குச் சில பகுதிகள் இருளாயிருக்கும். பொறுமையோடு படிப்போர்க்குப் பயனுண்டு.

மூவரும் கூறாதது

மூவர் நூல்களையும் மூடிவைத்தபின் ஒன்று உறுத்துகின்றது. ஒருவர் ஓய்வாண்டு பெற்ற பேராசிரியர். ஒருவர் பேர்பெற்ற எழுத்தாளர். ஒருவர் மற்றொரு பேராசிரியர். நல்ல கருவியும், தனியறையும், ஆசிரியர்க்கு ஈயப் பொருளும் உடையவர். விடியுமுன் எழுந்து வேலைக்குச் சென்று, மெல்லிய சுவருக்கு அப்பால் அயலார் உறங்கும் வீட்டுக்குத் திரும்பும் மனிதரைப் பற்றி இந்நூல்களில் ஒரு பக்கமும் இல்லை. கற்கவியலுமா என்னும் வினாவை மூளைக்குள் தேடுகின்றனர். மூளை எங்கும் ஒன்றே; ஓய்வு எங்கும் ஒன்றன்று.

ஆயினும் இதனால் மனம் தளரவேண்டுவதில்லை. 'உகுலேலே' என்னும் நான்கு தந்திச் சிறு கருவியின் வரலாற்றை நோக்குக. 1879இல் போர்ச்சுகலுக்குரிய மதேரா தீவிலிருந்து ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்றவர், தம்மோடு சிறு தந்திக் கருவிகளையும் கொண்டுசென்றனர். அவருள் இருந்த தச்சர் சிலர் அங்கே அவ்வகைக் கருவிகளைச் செய்யலாயினர். அதுவே ஹவாய் மக்கள் கையில் உகுலேலே ஆகி, பின்னர் உலகெங்கும் பரவிற்று. தோட்டத்துக்குச் சென்ற கூலி மக்கள் ஈந்த கருவி அது! அவர்க்கு ஓய்வாண்டு யார் கொடுத்தார்? தோட்டத்திலிருந்து வந்த நாம் இவ்வரலாற்றை அறிந்து தலைநிமிர்தல் தகும். முதிர்ந்து தொடங்குவோர்க்கும் அக்கருவி இசைந்தது. நைலான் தந்தியாதலின் விரலை வருத்தாது, சிறியதாதலின் அயலார் உறக்கத்தையும் மிகுதியாகக் கெடுக்காது.

இரண்டாவதாக மூவரும் மேலோட்டமாகத் தொட்டுச்செல்வது வெட்கத்தை. வயது வந்தவரைத் தடுப்பவற்றுள் விரல் முதலாவதன்று, மூளையும் முதலாவதன்று. பிறர்முன் தவறுவதற்கு நாணும் நெஞ்சே முதலாவது. நம் சமூகத்தில் இது சற்று மிகுதி. சங்கீதம் வித்துவானுடைய உடைமை, மற்றையோர் கேட்டுத் தலையசைப்பதே கடன் என்று நெடுநாள் பழகிவிட்டோம். ஞானம் பிறவியில் வரவேண்டும் என்று சொல்லிச் சொல்லி, பிறவாதவரெல்லாம் வாய் மூடியிருக்கச் செய்துவிட்டோம். மேடையில் ஒருவர், கீழே ஆயிரம் பேர் என்னும் ஏற்பாட்டில் மேடைக்கு மதிப்பு உயர்கின்றது. பாடத் தெரிந்த ஆயிரம் வாய்கள் அடைபட்டுப் போகின்றன.

இதனை எழுதும் நானும் அவ்வாயிரவருள் ஒருவன். நாற்பத்து நான்காம் வயதில் ஒரு கித்தார் வாங்கினேன். மேற்சொன்ன 'எஃப்' கார்டில் தோற்று ஆறு திங்கள் சுவரில் மாட்டிவிட்டேன். இந்நாட்டு ஈரக் காற்றில் இரும்புத் தந்தி துருவேறிவிட்டது. இந்நூல்களைப் படித்தபின் தந்தியை மாற்றி மீண்டும் எடுத்தேன். கூகைக்குச் செய்ததுபோல் எனக்கு நானே செய்துகொண்டேன்: ஆறு தந்திகளை விட்டு முதலில் இரண்டை மட்டும் அழுத்தினேன்; பின் மூன்று, பின் நான்கு. நாளுக்கு இருபது நிமிடம்தான். கைப்பேசியில் பாடஞ்சொல்வார் கணக்கற்றவர் இருக்கின்றனர். ஒருவரை மட்டும் தெரிந்துகொண்டு மற்றவரை விட்டேன். பாடத்துக்குப் பாடம் தாவுவது, பத்து இடத்தில் பத்தடி தோண்டிக் கிணறு காணாமற்போவது போன்றது.

நான்காம் திங்களில், ஆர்மோனியம் வாசிக்கும் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் தாமாகவே வந்தார். சனிக்கிழமை மாலைகளில் இருவரும் சேர்ந்து வாசிக்கின்றோம். நான் தவறும்போது அவர் காற்றடைத்தபடியே காத்திருக்கின்றார். பூத் எழுதியது எனக்கு விளங்கியது அந்தக் காத்திருப்பில்தான்.

முடிபு

மூன்று நூல்களையும் ஒருங்கே சீர்தூக்கின், இயலுமா என்று ஐயுறுவோர் மார்கஸைப் படிக்க. தொடங்கிவிட்டு நாணுவோர் ஹோல்டைப் படிக்க. எதற்காகத் தொடர்வது என்று சோர்வோர் பூத்தைப் படிக்க. ஒன்றே படிக்கப் பொழுதுண்டு என்பார்க்கு நாம் பூத்தையே கொடுப்போம். ஐம்பதில் வளையும் மூங்கில் ஐந்தில் வளைந்ததுபோல் வளையாது, அது மெய். ஆனால் அம்மூங்கிலும் காற்றுக்கு அசைகின்றது, ஒலிக்கின்றது. அவ்வொலி யாருக்கு என்று கேட்பார்க்கு, ஒலிப்பவர்க்கே என்பது விடை.

தோட்டத்திலோ பட்டணத்திலோ, நம் அயலில் ஒருவர் நரைத்த தலையோடு ஒரு கருவியை எடுத்து அமர்வாராயின், வாசகர்களே, அன்று மாலை அவர் எழுப்பும் ஒலி எத்துணை முரடாயிருப்பினும், பழமொழியை நாவுக்குள் அடக்கிக்கொள்க. நம் பிள்ளைகள் சிரித்தால் அவர்களை அழைத்து அவரருகில் அமர்த்துக. நான் செய்யத் தவறியது அதுவே.